சம்பலுக்குள் ஒரு தீவு நாடு



நாம் சீனிச் சம்பலில் போடும் மாசிக்குப் பின்னால் ஒரு புவியியல் பாடமே இருக்கிறது. மாலைதீவில் ஏறக்குறைய 1,190 பவளத்தீவுகள். பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரம்கூட இல்லை. மலையில்லை, ஆறில்லை, நெல்லும் விளையாது. அதனால் அம்மக்கள் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தார்கள். சோளகக் காற்றில் பாய்விரித்து இலங்கைக்கு வந்து மாசியை விற்றார்கள்; அரிசியோடு வாடைக்காற்றில் திரும்பினார்கள். அங்கே காழியாக இருந்த இப்னு பதூதாவும் 1344இல் இங்கு வந்தவர்தான்.

1887இல் அத்தீவுகள் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்தன. தொடர்பெல்லாம் இலங்கை ஆளுநர் ஊடாகவே நடந்தது. 1965 ஜூலை 26இல் அவர்களின் சுதந்திர உடன்படிக்கை கையெழுத்தானதும் நம் கொழும்பில்தான்.

இன்று அந்தக் கடல் உயர்கிறது. அதை அயல்நாட்டுச் செய்தியாக நாம் வாசிக்கலாமா? வெள்ளவத்தைக் கரையில் அடிப்பதும் அதே கடல்தானே.