இடைவேளைக்கு இசை அமைத்தவர்

1924 நவம்பர் 27 இரவு. பாரிஸின் ஷான்ஸெலிஸே தியேட்டருக்குப் புது பாலே பார்க்க வந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பாலேயின் பெயர் 'ரெலாஷ்'. பிரெஞ்சு தியேட்டர்களில் "இன்று காட்சி இல்லை" என்று போர்டு மாட்டுவார்களே, அந்த வார்த்தைதான் அது. கதையும் காட்சியமைப்பும் பிரான்சிஸ் பிக்காபியா. ஓவியர், டாடா கலகக் கூட்டத்து ஆள். அதனால் ஏமாற்றுவதுதான் நிகழ்ச்சியே என்று வந்தவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நிஜத்தில் முதன்மை நடனக்காரர் ழான் பொர்லினுக்கு உடம்பு சரியில்லை. அவ்வளவுதான். டிசம்பர் 4 அன்றுதான் திரை விலகியது.

மேடையின் பின்னால் சுவர் மாதிரி 370 உலோகத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, எல்லாம் பார்வையாளர் கண்ணைப் பார்த்து. இந்த வெளிச்சத்துக்கு நடுவே ஒரு தீயணைப்பு வீரர் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். மேடைப் பகுதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. என்னை இழுத்தது இடைவேளை.

இரண்டு அங்கங்களுக்கு நடுவே காட்ட ஒரு படம் வேண்டுமென்று பிக்காபியா ரெனே க்ளேர் என்ற இளைஞரிடம் கேட்டார். படத்தின் பெயரே 'ஆந்த்ராக்ட்', அதாவது இடைவேளை. அதே தியேட்டரின் மொட்டை மாடியில் மார்செல் துஷானும் மான் ரேயும் செஸ் ஆடுகிறார்கள். ஒட்டகம் இழுக்கும் சவ வண்டி கழன்று ஓட, துக்கத்துக்கு வந்தவர்கள் பின்னால் துரத்துகிறார்கள்.

இசை எரிக் சாட்டி. அப்போது அவருக்கு வயது 58. "படத்துக்கென்று எழுதப்பட்ட முதல் இசை" என்று சிலர் எழுதுவதுண்டு; அது சரியில்லை, 1908லேயே சான்-சான்ஸ் ஒரு படத்துக்கு எழுதிவிட்டார். சாட்டி செய்தது வேறு. மௌனப் படத்துக்கு வாத்தியக்காரர்கள் நேரில் வாசிக்க வேண்டும், ப்ரொஜெக்டரோ தன் போக்கில் ஓடும். நம்ம பாஷையில் சொன்னால் சின்க் பிரச்சினை. நீளமான மெட்டு எழுதினால், ஓரிடத்தில் பிசகினால் கடைசிவரை பிசகும். சாட்டி க்ளேரிடம் காட்சிகளின் நீளத்தைக் கேட்டு வாங்கி, குட்டிக் குட்டித் துண்டுகளாக எழுதினார். ஒவ்வொரு துண்டையும் தேவைப்படும்வரை திரும்ப வாசிக்கலாம். காட்சி மாறியதும் அடுத்த துண்டுக்குத் தாவலாம். அச்சு அசல் லூப். எந்தப் பகுதி எந்தக் காட்சிக்கு என்று தலைப்பும் போட்டிருக்கிறார்: புகைபோக்கிகள், சவ ஊர்வலம், துரத்தல் என்று.

இது திடீரென்று வந்த யோசனையும் இல்லை. 1920லேயே ஒரு நாடக இடைவேளையில், நாற்காலி மேசை மாதிரி சும்மா இருக்கட்டும் என்று திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளை வாசிக்க வைத்தார். யாரும் கவனிக்கக் கூடாது, பேசிக்கொண்டே இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜனங்களோ மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்! நாலு வருஷம் கழித்து அதே கருவிக்குச் சரியான வேலை கிடைத்தது. கண் திரையில் இருக்கும்போது காது தன்னால் பின்னணிக்குப் போய்விடுகிறது.

டாடா என்றாலே பொறுப்பில்லாத கூத்து என்று ஒரு பேச்சு உண்டு. மேலே கூத்துதான். அடியில் இருப்பது ஸ்டாப்வாட்ச் வேலை.

அன்றைய விமர்சகர்களுக்கு இது படவில்லை. தெருப்பாட்டு மெட்டுகளை எடுத்துச் செருகிவிட்டார் என்று கோபித்தார்கள். கூட இருந்த இளம் இசைக்காரர்களே கைவிட்டார்கள். ரோலான்-மானுவேல் 'சாட்டிக்கு விடை' என்கிற தொனியிலேயே எழுதினார். சாட்டி பதில் சொல்ல அதிக நாள் இல்லை. 1925 ஜூலை 1 அன்று கல்லீரல் நோயில் இறந்துபோனார். பாலேயை மேடையேற்றிய ஸ்வீடிஷ் பாலே குழுவும் அதே வருஷம் கலைந்தது. ரெலாஷ்தான் இருவருக்கும் கடைசிப் படைப்பு.

பாலே மேடையை விட்டுப் போனது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் மறுபடி கட்டிப் பார்த்தார்கள். இடைவேளைப் படம் மட்டும் நின்றது. 1967இல் சாட்டியின் இசையைச் சேர்த்து ஒலியோடு வெளியிட்டார்கள். மொத்தம் இருபது நிமிஷம் சொச்சம். பார்ப்பவர்கள் சவ வண்டி ஓடத் தொடங்கும் இடத்தில் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், ஒரே துணுக்கு எத்தனை தடவை வருகிறது என்று.