நாடிச் சுவரின் தசையும் மாதவிடாய் நின்ற பெண்களும்

2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்காக முகாம்களில் இருந்து ஊர் திரும்பிய பெண்களில் பலர் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போனால், மாதவிடாய் நின்ற பிறகுதான் பிறஷர் வந்தது என்று அவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். வயசுக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

நாடியின் சுவரில், நடுப்படையில், மழமழப்பான தசைக் கலங்கள் இருக்கின்றன. சுருங்கி விரிந்து இரத்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்துவதே அவற்றின் வேலை. உயர் அழுத்தம், சீனி வருத்தம், புகை என்பவற்றால் உட்படை காயப்பட்டால் அவை சுருங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு பெருகத் தொடங்கும், உட்பக்கமாக நகரும். சுவர் தடிக்கும், வழி ஒடுங்கும்.

இந்தப் பெருக்கத்தில் ஸ்டீரொய்ட் ஓமோன்களுக்கும் கை உண்டு. அவை கலத்துக்குள் நேரே புகுந்து, வாங்கிகளோடு இணைந்து, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகின்றன. ஆய்வுகூடத்தில் ஈஸ்ட்ரஜன் இத்தசைக் கலங்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. மாதவிடாய் நின்றதும் அந்தக் கடிவாளம் தளர்கிறது. அப்படியானால் ஓமோன் குளிசை எடுத்தால் சரிதானே? அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பரிசோதனை 2002இல் இடைநிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரஜனோடு புரொஜெஸ்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தன. இதயத்தைக் காக்கவென்று அந்தக் குளிசையைத் தேடிப் போகவேண்டாம்.

எங்கள் கரையோரத்துக்கு முக்கியமானது அல்டொஸ்டெரோன். அதிரீனல் சுரப்பியில் உருவாகும் இது உப்பை உடலில் தேக்கி வைக்கும். நாடிச் சுவரின் தசைப் பெருக்கத்தையும் நார்ப்படிவையும் தூண்டும். உப்பு அதிகமான உடலில் இதன் கேடும் அதிகம். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத வீடுகளில் இதைச் சொல்வது எளிதல்ல, ஆனாலும் சொல்கிறேன்.

கோட்டிசோல் கொஞ்சம் விசித்திரமானது. இந்த வகை ஓமோன்கள் ஆய்வுகூடத்தில் தசைக் கலங்களின் பெருக்கத்தை அடக்குகின்றன. உடலில் நீண்டநாள் மிகுந்திருந்தாலோ பிறஷரையும் சீனியையும் ஏற்றுகின்றன. முட்டு வருத்தத்துக்கும் மூட்டுவலிக்கும் தரும் பிரெட்னிசொலோன் இந்த வகையே. சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது. நீண்டநாள் எடுத்தவர்கள் சடுதியாக நிறுத்துவதும் ஆபத்து.

கிளினிக் கொப்பியில் ஸ்பைரோனோலக்டோன் என்று எழுதியிருந்தால், அது அல்டொஸ்டெரோனைத் தடுக்கும் மருந்து. மூன்று மருந்துக்கும் அடங்காத பிறஷருக்கு நாலாவதாகச் சேர்க்க இது நல்லது என்று 2015இல் பிரித்தானிய ஆய்வொன்று காட்டியது. இது இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடும். அதனால்தான் இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதில் இரண்டைக் கொடுத்து உதவ வேண்டாம்.