தனியார் ஜெட் வானூர்தியின் பராமரிப்புப் பதிவேடுகள்

தனியார் ஜெட் வானூர்தியின் பராமரிப்புப் பதிவேடுகள் என்பன, வானூர்தி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் முதல் அதன் பறப்புகள், சோதனைகள், பழுதுநீக்கங்கள், உறுப்பு மாற்றங்கள் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் ஆவணங்கள் ஆகும். வானூர்தி கைமாறும்போது இவையும் புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஆயுள் வரையறுக்கப்பட்ட உறுப்பு ஒன்று எவ்வளவு உழைத்துள்ளது என்பதைப் பார்வையால் அறிய இயலாது. எனவே பதிவேடு தொலைந்தால் அவ்வுறுப்பைப் பயன்படுத்த இயலாமற் போகும்.

வகைகள்

வானூர்தியின் உடற்பகுதிக்கும் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பறப்பின்போது விமானி காணும் குறைகள் பயணப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. குறை நீக்கப்பட்டதா, விதிகளுக்கு உட்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டதா என்பது அதன் எதிரே குறிக்கப்படும்.

அளவீடுகள்

பறந்த மணிநேரம், பறப்புகளின் எண்ணிக்கை, கழிந்த காலம் ஆகிய மூன்றும் கணக்கிடப்படுகின்றன. தனியார் ஜெட் வானூர்திகள் பயணிகள் வானூர்திகளைவிடக் குறைவாகவே பறப்பதால், பல பணிகளுக்குக் காலக் கெடுவே முதலில் வந்துவிடுகிறது. நிறுத்தி வைக்கப்பட்ட வானூர்தியிலும் உலோகம் அரிக்கப்படும். இரப்பர் உறுப்புகள் இறுகும்.

பறப்பு எண்ணிக்கையின் முதன்மையை 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் நிகழ்ந்த விபத்து உணர்த்தியது. தீவுகளிடையே குறுந்தொலைவு பறந்துவந்த போயிங் 737 பயணிகள் வானூர்தியின் மேற்கூரைப் பகுதி நடுவானில் பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது பறந்தது 35,496 மணிநேரமே. ஆயினும் பறப்புகளின் எண்ணிக்கை 89,680. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளழுத்தம் ஏறி இறங்கியதால் உலோகத்தில் விரிசல்கள் வளர்ந்திருந்தன. பராமரிப்புச் சோதனைகளில் அவை கண்டறியப்படவில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட வானூர்திகள் விடி என்னும் எழுத்துகளைத் தாங்கியுள்ளன. இவற்றின் பறப்புத் தகுதியைக் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் கண்காணிக்கிறது. பராமரிப்புப் பணி முடிந்ததும், அதற்கென அதிகாரம் பெற்ற பொறியாளர் சான்றில் ஒப்பமிட்ட பின்னரே வானூர்தி பறக்கலாம். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்திற்கு மாற்றாக, பாரதிய வாயுயான் அதினியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஒசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளத்துடன் கூடிய பராமரிப்பு வசதி உள்ளது.

பறப்புத் தரவுகள்

பராமரிப்புப் பதிவேடு வானூர்தியின் நிலையைக் காட்டுமேயன்றி, அதை இயக்குவோரின் பழக்கத்தைக் காட்டாது. 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் தனியார் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஜெட், ஓடுதளத்தைத் தாண்டி ஓடித் தீப்பற்றியதில் எழுவரும் இறந்தனர். நிறுத்தியிருக்கும்போது கட்டுப்பாட்டுப் பரப்புகள் காற்றில் அசையாமல் தடுக்கும் பூட்டு விடுவிக்கப்படவில்லை. தானியங்கிப் பதிவுக் கருவியின் தரவுகளை ஆராய்ந்தபோது, முந்தைய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில் கட்டுப்பாடுகளின் முழுச் சோதனை செய்யப்படவில்லை எனத் தெரியவந்தது. இத்தகைய தரவுகளைக் காலந்தோறும் ஆராய்ந்தால், விபத்துக்கு முன்னரே தவறான பழக்கங்களைக் கண்டு திருத்த இயலும்.