மஞ்சள் பற்றும் எழுத்துச் சான்றும்



பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் ஓடியாடும் பிள்ளைகள் முழங்காலில் சிராய்ப்போடும் கணுக்காலில் வீக்கத்தோடும் வீடு திரும்புவது இயல்பே. அத்தகைய வேளையில் புளியைக் கரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் பற்றுப் போடும் பாட்டிமார் நம்மிடையே இன்றும் உள்ளனர். எளிய அடுக்களை வைத்தியமாகத் தோன்றும் இம்மஞ்சளின் வரலாறு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வரை சென்றது என்பதைப் பலர் அறியார்.

தமிழர் மருத்துவத்தில் வீக்கத்திற்குப் புறத்தே செய்யும் முறைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரைத்தோ குழைத்தோ கனமாகப் பூசுவது பற்று. துணியில் முடிந்து சூடேற்றி ஒற்றி எடுப்பது ஒற்றடம். பேச்சு வழக்கில் ஒத்தடம். நொச்சி இலையை வதக்கியும், தவிட்டையோ உப்பையோ வறுத்தும் ஒற்றடம் கொடுப்பர். சுளுக்கு வேறு, இரத்தக்கட்டு வேறு, வீக்கம் வேறு எனப் பிரித்தறிந்து வழங்கிய சொற்களும் நம்மிடம் உள்ளன.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருள் 1815ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதியியல் அமைப்பு 1910இல் கண்டறியப்பட்டது. அது எலிகளிடத்து வீக்கத்தைத் தணித்ததை லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1973இல் வெளியிட்டனர். ஆயினும் குர்குமின் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆதலால் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவை அப்படியே அடுக்களைப் பற்றுக்கும் பொருத்திவிடலாகாது.

இனி வழக்குக்கு வருவோம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச் மாதம் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. கண்டுபிடிப்பாளர்களாகப் பதிவு செய்யப்பெற்ற இருவரும் இந்திய வம்சாவளியினர். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996இல் இதனை எதிர்த்து மறு ஆய்வு கோரியது. அப்போது மன்றத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் முனைவர் ஆர். ஏ. மஷேல்கர்.

“எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு இவ்வழக்கம் உண்டு” என்று சொன்னால் போதாதா எனக் கேட்கலாம். போதாது. அமெரிக்கச் சட்டம் அந்நாளில் வேறொரு நாட்டில் நிலவும் வழக்கத்தைச் சான்றாக ஏற்கவில்லை; அச்சான நூலிலோ முந்தைய காப்புரிமையிலோ அது இடம்பெற்றிருக்க வேண்டும். கோடிக்கணக்கான பாட்டிமாரின் கைப்பழக்கம் அங்கே செல்லாக்காசு ஆயிற்று! எனவே மன்றத்தினர் பழைய வடமொழி நூல்களையும், இந்திய மருத்துவக் கழகத்தின் இதழில் 1953இல் வெளிவந்த கட்டுரையையும் உள்ளிட்ட 32 சான்றுகளைத் தேடித் திரட்டினர். 1997இல் காப்புரிமை அலுவலகம் அவ்வுரிமைக் கோரிக்கைகளைத் தள்ளியது. வென்றது மஞ்சள் மட்டுமன்று, எழுதி வைத்தவனும்தான்.

இவ்வனுபவத்தின் விளைவாக 2001இல் இந்தியாவில் மரபு அறிவு மின்னூலகப் பணி தொடங்கப்பெற்றது. அதில் சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றோடு தமிழ் நூல்களிலுள்ள மருத்துவக் குறிப்புகளும் இடம்பெறுகின்றன. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அவை காப்புரிமை ஆய்வாளர்களுக்குத் தரப்படுகின்றன. சித்தர் நூல்கள் ஏட்டில் எழுதப்பட்டிருந்தமையால் இது இயன்றது. ஆனால் ஏட்டில் ஏறாத வீட்டு வைத்தியம் எத்தனையோ!

சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தேக்காவில் மஞ்சளும் புளியும் எளிதில் கிடைக்கும். பற்றுப் போடும் பக்குவத்தையோ அதற்குரிய சொற்களையோ கடையில் வாங்க இயலாது. தாத்தா பாட்டியிடம் கேட்டு, எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நேரம், எந்த ஊர் வழக்கம் என்று தமிழில் எழுதிவரச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு அரிது.

எழுதும்போது பிழையும் வெளிப்படும், அதுவும் நன்மையே. அடிபட்ட முதல் இரண்டு நாள்களில் சூடான பற்றோ ஒற்றடமோ வீக்கத்தை மிகுவிக்கக்கூடும். அப்போது துணியில் சுற்றிய பனிக்கட்டியும், ஓய்வும், காலை உயர்த்தி வைத்தலுமே ஏற்றவை. திறந்த காயத்தில் அடுக்களை மஞ்சளைத் தூவுதல் ஆகாது. காலை ஊன்ற இயலாவிடினும், உறுப்பு கோணியிருப்பினும், வீக்கம் தணியாவிடினும் தாமதியாது மருத்துவரை நாடுக. பாட்டி சொன்னதைப் பதிவு செய்வோம். பதிவு செய்ததை ஆராய்ந்து பார்ப்போம். மரபுக்கு நாம் செய்யும் மரியாதை இவ்விரண்டும் சேர்ந்ததே.