ஒரு நாற்காலியும் இரண்டு சபாநாயகர்களும்

இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தைப் பற்றிப் பேசுவோர், 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்ட நிகழ்ச்சியையே முதலில் குறிப்பிடுவர். நானோ, மக்களவையில் சபாநாயகர் அமரும் நாற்காலியை முதலில் நோக்க வேண்டும் என்பேன். அந்நாற்காலியில் அமர்ந்த இருவரின் வரலாற்றை அறிந்தால், அந்தப் போராட்டத்தின் உட்பொருள் தெளிவாக விளங்கும்.

1603-இல் எலிசபெத் அரசியார் வாரிசின்றி மறைந்தார். ஸ்காட்லாந்தை ஆண்டுவந்த ஸ்டுவர்ட் மரபினரான ஜேம்ஸ், இங்கிலாந்துக்கும் அரசரானார். அரசன் இறைவனுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அவர்தம் கொள்கை. நாடாளுமன்றத்தின் உரிமைகள் மன்னர்கள் மனமுவந்து அளித்தவை என்றார் அவர். அவை எங்கள் பிறப்புரிமை என்றனர் உறுப்பினர்கள். 1621-இல் இதனை அவர்கள் அவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தபோது, ஜேம்ஸ் அக்குறிப்பேட்டை வரவழைத்து, அந்தப் பக்கத்தைத் தம் கையாலேயே கிழித்தெறிந்தார்.

1625-இல் அவர் மகன் சார்லஸ் அரியணை ஏறியதும் பூசல் முற்றியது. புதிய அரசருக்குச் சுங்க வரியை வாழ்நாள் முழுமைக்கும் வழங்குவது நெடுநாளைய வழக்கம். மக்களவையோ ஓராண்டுக்கு மட்டுமே வழங்க முன்வந்தது. இங்கே மன்னர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினோடு போர் வேண்டும் என்று முழங்கிய அதே அவை, போருக்குத் தேவையான பணத்தைத் தரத் தயங்கியது. சார்லஸ் குடிமக்களிடம் கட்டாயக் கடன் வாங்கினார். மறுத்தவர்களைச் சிறையில் அடைத்தார். அதன் எதிரொலியே 1628-ஆம் ஆண்டின் உரிமை விண்ணப்பம். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வரி கூடாது, காரணம் காட்டாமல் எவரையும் சிறையிடக் கூடாது என்று அது கூறியது. மன்னரும் இசைவு தந்தார். ஆயினும் சுங்க வரியைத் தொடர்ந்து தண்டினார்.

இப்போது முதல் சபாநாயகருக்கு வருவோம். அவர் பெயர் ஜான் பின்ச். 1629 மார்ச் 2-ஆம் நாள், அவையை ஒத்திவைக்கும்படி மன்னரிடமிருந்து ஆணை வந்தது. சபாநாயகர் எழுந்துவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். ஆகவே டென்சில் ஹோல்ஸ், பெஞ்சமின் வாலன்டைன் என்னும் இரு உறுப்பினர்கள் அவரை நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டனர். கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டது. தாம் அவையின் ஊழியர் என்பதனால் மன்னரின் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது எனப் பின்ச் கண்ணீர் மல்க மன்றாடினார். வெளியே மன்னரின் தூதுவர் கதவைத் தட்ட, உள்ளே ஒப்புதலற்ற வரிக்கு எதிரான தீர்மானங்கள் முழங்கின. அவற்றை வகுத்த ஜான் எலியட் சிறை சென்று, 1632-இல் இலண்டன் கோபுரச் சிறையிலேயே உயிர் நீத்தார்.

பின்னர்ப் பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றம் கூட்டப்படவே இல்லை. 1634-இல் கடலோரப் பகுதிகளுக்குக் கப்பல் வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டே கடலைக் காணாத உள்நாட்டு ஊர்களும் அதனைச் செலுத்த வேண்டும் என்றாயிற்று. பெருஞ்செல்வரான ஜான் ஹாம்டன், தம் நிலம் ஒன்றுக்கு விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். அவருக்கு அது அற்பத் தொகை. எனினும், கேட்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதன்றோ வழக்கு? 1638-இல் பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் ஹாம்டன் பக்கமும் நின்றனர். மன்னருக்காக மிக வன்மையாகத் தீர்ப்புரைத்தவர் யார் தெரியுமா? தலைமை நீதிபதியாக உயர்ந்திருந்த அதே ஜான் பின்ச்! 1640-இல் ஸ்காட்லாந்துப் போரினால் கருவூலம் வறண்டு மீண்டும் நாடாளுமன்றம் கூடியதும், அவர் குற்றச்சாட்டுக்கு அஞ்சி ஹாலந்துக்கு ஓடினார். கப்பல் வரி 1641-இல் சட்டத்திற்குப் புறம்பானது என அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் சபாநாயகர் வில்லியம் லென்தால். 1642 ஜனவரி 4-ஆம் நாள், ஏறத்தாழ 400 ஆயுதம் ஏந்திய ஆள்களுடன் சார்லஸ் மக்களவைக்கு வந்தார். ஜான் பிம், ஹாம்டன், ஹோல்ஸ் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்வதே அவர் நோக்கம். சபாநாயகரின் நாற்காலியைச் சற்றுக் கேட்டு வாங்கி, அதன் அருகே நின்று, அவர்கள் எங்கே என்று வினவினார். லென்தால் மண்டியிட்டு, அவை பணிக்கும் வண்ணமன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என்றார். ஐவரும் முன்னதாகவே தப்பியிருந்தனர். மன்னர் வெறுங்கையுடன் திரும்பினார். சில நாள்களில் அவர் இலண்டனை விட்டே வெளியேற, ஆகஸ்டு மாதத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது.

பதின்மூன்றே ஆண்டுகளில் எத்துணை மாற்றம்! பின்ச் மன்னரின் ஆணையை அவைக்குக் கொண்டு வந்தவர். லென்தால் அவையின் உரிமையை மன்னரின் முகத்துக்கு நேரே உரைத்தவர். இருவரும் அச்சமில்லா வீரர்கள் அல்லர். ஆனால், தாம் எவருக்கு ஊழியர் என்ற வினாவுக்கு லென்தாலிடம் தெளிவான விடை இருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். 1653-இல் நாடாளுமன்றப் படையின் தளபதியான ஆலிவர் கிராம்வெல், வீரர்களை அவைக்குள் அழைத்து வந்து உறுப்பினர்களை விரட்டினார். அன்று நாற்காலியிலிருந்து கைப்பிடித்து இறக்கப்பட்டவரும் இதே லென்தால்தான். மன்னரால் இயலாததை மன்னரை வென்றவர் செய்து முடித்தார்.

மலேசிய, சிங்கப்பூர் நாடாளுமன்றங்களும் அந்த ஆங்கில மரபில் தோன்றியவையே. நம் சபாநாயகரின் நாற்காலிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. அதற்கு ஆபத்து முடியிலிருந்து மட்டும் வருவதில்லை. வாளேந்திய நண்பரிடமிருந்தும் வரும். ஆதலால் நாற்காலியில் அமர்பவர் யாவராயினும், நீவிர் எவருக்கு ஊழியர் என்று கேட்கும் உரிமையை நாம் கைவிடலாகாது.