வீரரை உருவாக்கியது யார்? குட்மேய்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு கணக்கு

கிழக்கு லண்டனில் உள்ள குட்மேய்ஸ் ரயில் நிலையத்தை மையமாக வைத்துச் சுமார் ஐந்து மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் இரண்டு முன்னாள் தலைவர்களின் இளமைக்காலம் அதற்குள் அடங்கிவிடும். விப்ஸ் கிராஸில் பிறந்த கிரஹாம் கூச் அவர்களில் ஒருவர். மதராஸில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்து வந்து, இல்ஃபர்டில் ஆட்டம் பழகிய நாசர் ஹுசைன் மற்றவர். விக்கெட் காப்பாளர் ஜேம்ஸ் ஃபாஸ்டரும், ஃபாரஸ்ட் கேட்டில் பிறந்த ரவி போபாராவும் இதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இந்த நால்வரும் இங்கிலாந்துக்காக ஆடிய டெஸ்ட் ஆட்டங்களைக் கூட்டினால் 234 வருகிறது.

பெரிய மைதானமோ புகழ்பெற்ற பயிற்சிக் கல்லூரியோ இல்லாத, நெருக்கமான வீடுகள் வரிசையாக நிற்கும் புறநகர்ப் பகுதி இது. 1965ஆம் ஆண்டு லண்டனின் ரெட்பிரிட்ஜ் நிர்வாகப் பகுதியோடு சேர்க்கப்படும் வரை எசெக்ஸ் மாவட்டத்தில் இருந்தது. இன்று தெற்காசியக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இடம்.

ஆனால் இந்த 234 ஆட்டங்களுக்கான பெருமை யாருக்கு உரியது என்று கேட்டால், இந்த வட்டாரத்தின் பெயரைச் சொல்லுவோர் குறைவு. எசெக்ஸ் மாவட்ட அணி, ஃபாரஸ்ட் என்ற தனியார் பள்ளி, டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பெயர்களே பட்டியல்களில் காணப்படுகின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கியது எந்த நிறுவனம் என்ற கணக்கில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளின் கணக்கு

இத்தகைய கணக்கெடுப்பைப் பெரும் பொழுதுபோக்காகவே ஆக்கிவிட்ட நாடு அமெரிக்கா. அங்கு கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அவை முப்பதுக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்து ஆடுகின்றன. கான்ஃபரன்ஸ் என்றால் இங்கு மாநாடு என்று பொருளல்ல; தமக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டு என்று கொள்ளலாம். டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் உள்ள ஏசிசி பெரியதா, கெண்டக்கி உள்ள எஸ்இசி பெரியதா என்பது ரசிகர்களிடையே ஓயாத விவாதம். என்பிஏ என்ற தொழில்முறை லீக்குக்கு எந்தக் கூட்டு அதிக ஆட்டக்காரர்களை அனுப்பியது என்பதே அந்த விவாதத்தில் வழக்கமான அளவுகோல்.

அந்த அளவுகோல் பார்ப்பதற்கு எளிமையானது. ஆனால் சற்று அழுத்திப் பார்த்தால் வளைந்துவிடுகிறது.

கார்மெலோ ஆந்தனி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்காக ஒரே ஒரு பருவம் ஆடி, 2003ஆம் ஆண்டு தேசியப் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டுத் தொழில்முறைக்குச் சென்றார். அப்போது சிரக்யூஸ் பிக் ஈஸ்ட் கூட்டில் இருந்தது. 2013ஆம் ஆண்டு அது ஏசிசிக்கு மாறியது. ஆந்தனி எந்தக் கூட்டின் கணக்கில் சேர வேண்டும்? ஸ்டீஃபன் கர்ரிக்கு ஏசிசியின் பெரிய கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரவில்லை. அவர் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் மூன்றாண்டுகள் ஆடி வளர்ந்தார். அவரை உருவாக்கிய பெருமையை டேவிட்சன் நியாயமாகவே கோரலாம். உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராகவே என்பிஏவுக்குச் சென்ற லெப்ரான் ஜேம்ஸோ எந்தக் கல்லூரியின் பட்டியலிலும் இல்லை.

2006ஆம் ஆண்டு முதல், அமெரிக்க ஆட்டக்காரர்கள் பள்ளியை முடித்து ஓராண்டாவது கழிந்த பின்னரே என்பிஏ தேர்வுக்கு வர முடியும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஏற்கனவே உருவாகிவிட்ட ஆட்டக்காரர்கள் அந்த ஓராண்டைக் கழிக்கும் இடமாகச் சில பெரிய கல்லூரிகள் மாறின. அவற்றின் எண்ணிக்கை உயர்ந்தது. பயிற்சி உயர்ந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

லண்டனுக்கு நெருக்கமான சான்று லூல் டெங். இன்றைய தெற்கு சூடானில் பிறந்து, போரினால் இடம்பெயர்ந்து எகிப்து சென்று, பின்னர் குடும்பத்தோடு தெற்கு லண்டனில் அடைக்கலம் பெற்றவர். அகதியாகப் பிரிட்டனுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பாதையின் பல கட்டங்கள் புதியவையல்ல. பிரிக்ஸ்டன் டாப்கேட்ஸ் என்ற உள்ளூர்க் கழகம் அவருக்கு ஆட்டம் கற்பித்தது. 14 வயதில் அமெரிக்கப் பள்ளி ஒன்றுக்குச் சென்றார். டியூக்கில் ஓராண்டு ஆடினார். 2004ஆம் ஆண்டு என்பிஏ தேர்வில் ஏழாவதாக எடுக்கப்பட்டார். ஏசிசியின் கணக்கில் டெங் ஒரு எண். பிரிக்ஸ்டன் அந்தக் கணக்கில் இல்லை.

டர்ஹமும் இல்ஃபர்டும்

பிரிட்டனில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அத்தகைய இடமில்லை. அங்குள்ள நிலைக்கு ஓரளவு நெருங்கி வருவது பல்கலைக்கழகக் கிரிக்கெட்தான். முன்னாள் இங்கிலாந்து ஆட்டக்காரர் கிரேம் ஃபௌலர் 1996ஆம் ஆண்டு டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறப்புப் பயிற்சி மையத்தை நிறுவினார். அதைத் தொடர்ந்து ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், லஃப்பரோ, கார்டிஃப், லீட்ஸ்-பிராட்ஃபர்ட் ஆகிய இடங்களிலும் மையங்கள் அமைந்தன. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமும், பின்னர் எம்சிசி கழகமும் இவற்றுக்கு நிதி அளித்தன. நிதி கேட்கும்போதெல்லாம் முன்வைக்கப்பட்டது மாவட்ட அணிகளுக்குச் சென்ற பட்டதாரிகளின் எண்ணிக்கையே.

டர்ஹமின் பட்டியல் கனமானது. ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ், ஜேம்ஸ் ஃபாஸ்டர், நாசர் ஹுசைன் ஆகியோரின் பெயர்கள் அதில் உண்டு. ஆனால் ஹுசைன் அங்கு படித்தது 1980களின் பிற்பகுதியில். ஃபௌலரின் மையம் அப்போது பிறக்கவேயில்லை. 1990ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து டெஸ்ட் அணியில் ஆடத் தொடங்கிவிட்டார்.

ஹுசைனின் கதை உண்மையில் தொடங்குவது மதராஸில். 1968ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி அங்கு பிறந்தார். தந்தை ஜவாத் ஹுசைன் மதராஸ் அணிக்காக முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர். 1970களின் நடுப்பகுதியில் குடும்பத்தை இங்கிலாந்துக்கு அழைத்து வந்த அவர், இல்ஃபர்டில் ஓர் உள்ளரங்கக் கிரிக்கெட் பள்ளியை நடத்தினார். குட்மேய்ஸிலிருந்து இரண்டொரு மைல் தொலைவில் இருந்த அந்தக் கூடம் ஆடம்பரமானதல்ல. வலை, விரிப்பு, பந்து, ஓயாமல் பந்துவீசும் ஒரு தந்தை என்ற அளவில்தான் இருந்தது. சிறுவன் நாசர் அங்கு முதலில் தேர்ந்தது சுழற்பந்தில். வளரிளம் பருவத்தில் திடீரென உயரம் கூடி, பந்தின் வளைவு கைவிட்டுப் போனதும், அதே வலைக்குள் மட்டையாளராக மாற்றப்பட்டார். 96 டெஸ்ட்களில் 5,764 ஓட்டங்கள் பெற்ற மட்டையாளர் அந்த மாற்றத்தில் பிறந்தவர். இதில் டர்ஹமுக்கு எந்தப் பங்கும் இல்லை. அதற்கு முன்பே வேலை முடிந்திருந்தது.

இல்ஃபர்ட் கிரிக்கெட் பள்ளி அவரோடு நிற்கவில்லை. எசெக்ஸின் முன்னாள் ஆட்டக்காரர் பில் மாரிஸ் முந்தைய தலைமுறையில் இல்ஃபர்டில் கற்பித்தவர். கிரஹாம் கூச்சின் மட்டையாட்டத்துக்கு அடித்தளமிட்டவர் அவர். 1990ஆம் ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 333 ஓட்டங்கள் குவித்த கூச், எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து நேராக எசெக்ஸுக்குச் சென்றவர் அவர்.

ரவி போபாராவும் அரசுப் பள்ளி மாணவரே. பிராம்ப்டன் மேனர் பள்ளியிலும், பின்னர் குட்மேய்ஸை அடுத்த பார்க்கிங் அபே பள்ளியிலும் படித்தார். பதின்ம வயதிலேயே எசெக்ஸ் அணிக்கு வந்த அவர், 2009ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தொடர்ந்து மூன்று டெஸ்ட் இன்னிங்ஸ்களில் சதம் அடித்தார். பார்க்கிங் அபே பள்ளிக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிட்டனில் பெயர்பெற்ற கூடைப்பந்துப் பயிலகம் ஒன்று அங்கு இயங்குகிறது. அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் சென்ற மாணவர்கள் பலர். அவர்களில் எவரேனும் என்பிஏவை எட்டினால், பெருமை எந்தக் கான்ஃபரன்ஸுக்குப் போகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

வகுக்கும் எண்

எத்தனை பேரை உருவாக்கினோம் என்பதோடு, எத்தனை பேரிலிருந்து என்பதையும் கேட்க வேண்டும். இக்கேள்வியை எழுப்பும் பட்டியல்கள் அரிது.

பிரிட்டனில் தனியார் பள்ளிகளில் படிப்போர் ஏறத்தாழ 7 சதவீதத்தினர். சட்டன் அறக்கட்டளை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, இங்கிலாந்தின் ஆடவர் சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களில் 43 சதவீதத்தினர் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். கிரிக்கெட்டில் சமத்துவம் குறித்து ஆராய அமைக்கப்பட்ட சுயாதீன ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 2021இல் இங்கிலாந்துக்காக ஆடிய ஆடவரில் 58 சதவீதத்தினர் அவ்வாறு படித்தவர்கள் என்றது. இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. சர்வதேச அணி சிறியது. நாலைந்து பேர் மாறினாலே சதவீதம் துள்ளும். 7 என்ற எண்ணிலிருந்து இரண்டுமே வெகு தொலைவில் உள்ளன என்பதே முக்கியம்.

தனியார் பள்ளிகளுக்குப் புல்தரை மைதானமும், முழுநேரப் பயிற்சியாளரும், வெயில்காலப் பிற்பகல்களும் உண்டு என்பது உண்மை. அதே சமயம், வேறு இடத்தில் வளர்ந்த திறமையை உதவித்தொகை கொடுத்து அவை ஈர்த்துக்கொள்வதும் உண்மை. ஷெஃபீல்டின் அரசுப் பள்ளியில் படித்துவந்த ஜோ ரூட், 15 வயதளவில் கிரிக்கெட் உதவித்தொகையோடு வொர்க்சப் என்ற தனியார் பள்ளிக்குச் சென்றார். புள்ளிவிவரத்தில் அவர் தனியார் பள்ளி மாணவர். அந்த ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஆட்டம் கற்பித்த ஷெஃபீல்ட் கழகம் எந்தச் சதவீதத்திலும் வருவதில்லை.

குட்மேய்ஸ் போன்ற பகுதிகளை நேரடியாகத் தொடும் எண்கள் வேறு. இங்கிலாந்தில் பொழுதுபோக்காகக் கிரிக்கெட் ஆடுவோரில் சுமார் 30 சதவீதத்தினர் தெற்காசிய வம்சாவளியினர். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அவர்கள் 5 சதவீத அளவிலேயே இருந்தனர். இந்த இடைவெளியைக் குறைக்க 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் தெற்காசியக் கிரிக்கெட் பயிலகம் செயல்படத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே அங்கிருந்து காஷிஃப் அலி வூஸ்டர்ஷையர் அணியில் ஒப்பந்தம் பெற்றார். இதிலும் அதே கேள்வியை எழுப்பலாம்: சில மாதப் பயிற்சியில் ஓர் ஆட்டக்காரர் உருவாகிவிடுவாரா? உருவாகமாட்டார். ஏற்கனவே உருவாகிக் கதவுக்கு வெளியே நின்றவர்களைத் தேர்வாளர்களின் கண்ணில் படவைப்பதே அப்பயிலகத்தின் வேலை. அந்த அளவில் அதன் கோரிக்கை டர்ஹமின் கோரிக்கையை விட நேர்மையானது எனலாம்.

யாழ்ப்பாணமும் சேலமும்

இலங்கையில் இக்கணக்கு பள்ளிகளின் பெயரால் நடக்கிறது. முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுக்கும் கண்டி புனித அந்தோனியார் கல்லூரி உரிமை கொண்டாடுகிறது. சிறுவயது முதல் அங்கேயே படித்து, அங்கேயே மிதவேகத்திலிருந்து சுழலுக்கு மாறியவர் என்பதால் அந்த உரிமை வலுவானது. கொழும்புப் பள்ளிகளின் பட்டியல்கள் இன்னும் நீளமானவை. அவற்றோடு யாழ்ப்பாணப் பள்ளிகளை ஒப்பிட்டு, வடக்கில் திறமை குறைவு என்று முடிவு கட்டுவது அபத்தம். யாழ் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் நூறாண்டுக்கு மேலாக மோதிவருகின்றன. ஆனால் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய 1982ஐத் தொடர்ந்த கால் நூற்றாண்டுக்கும் மேலான காலம் அங்கு போரில் கழிந்தது. மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கிலும், 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லிலும் ஆடியது, அந்த இடைவெளிக்குப் பின் கிடைத்த ஓர் எண்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் பட்டியல் வியப்பூட்டுவது. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் படித்தவர்கள். அஸ்வின் எஸ்எஸ்என் கல்லூரியில் படித்தவர். இவர்களுக்குப் பந்தும் மட்டையும் கொடுத்தது பொறியியல் பாடத்திட்டம் அல்ல, சென்னை லீக் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிறுவனங்கள் பணம் போட்டு அணி நடத்தும் அந்த லீக்கில் இடம் கிடைத்தவர்களுக்கே மேலே செல்லும் பாதை திறந்திருந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜன் சென்னைக்கு வந்து லீக்கில் நுழைந்த பின்னரே எவர் கணக்கிலும் ஏறினார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியபோது அவர் தமிழ்நாட்டின் தயாரிப்பு என்று புகழப்பட்டார்.

கணக்கின் விலை

இவை வெறும் பெருமைச் சண்டைகளாக இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பணம் இந்த எண்களைப் பின்தொடர்ந்தே செல்கிறது. கடைசிக் கதவில் நிற்கும் நிறுவனம் எண்ணைக் காட்டி நிதி பெறுகிறது. எட்டு வயதுச் சிறுவனுக்கு வலையில் பந்து வீசியவர்களிடம் காட்டுவதற்கு எண் எதுவும் இல்லை.

அச்சிறுவர்களின் பெற்றோர் சுமக்கும் செலவும் சிறியதல்ல. மட்டை, காலுறை, உள்ளரங்க வாடகை, வார இறுதிப் பயணம், மாவட்ட இளையோர் அணிகளுக்கான கட்டணம் என்று அது நீளுகிறது. இளையோர் தேர்வுப் பாதை முழுவதையும் கட்டணமில்லாததாக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு ஆணையம் பரிந்துரைத்ததற்குக் காரணம் இதுவே.

இல்ஃபர்டின் வாலண்டைன்ஸ் பூங்காவில் 1923ஆம் ஆண்டு முதல் எசெக்ஸ் அணி மாவட்ட ஆட்டங்களை நடத்திவந்தது. குட்மேய்ஸ் சிறுவர்கள் பேருந்தேறிச் சென்று தொழில்முறைக் கிரிக்கெட்டைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடமாக அது இருந்தது. அங்கு எசெக்ஸ் கடைசியாக ஆடியது 2002ஆம் ஆண்டு.