கொடிமலையின் சிவந்த மண்: பினாங்கின் கிரானைட் சரிவுகளில் பாறைச் சிதைவும் மண் வேதியியலும்

எதிர்க்கரையிலுள்ள மாக் மண்டினிலிருந்து பார்த்தால் நீரிணைக்கு அப்பால் எழுந்து நிற்கிறது 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை. 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற அந்த மலைக்காட்டின் செழிப்பைக் கண்டவர்கள், அடியிலுள்ள மண்ணும் வளமானது என்றே கருதுவார்கள். வேதியியல் நேர்மாறாகச் சொல்கிறது. அங்கே ஊட்டச்சத்தின் பெரும்பங்கு மரங்களிலும் மேற்பரப்புச் சருகிலும் சுழல்கிறது. மண் தன் செல்வத்தை நெடுங்காலத்துக்கு முன்பே மழைக்குக் கொடுத்துவிட்டது. இந்த வேறுபாட்டை மலைச்சரிவு வேளாண்மை கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தீவின் மலைகள் கிரானைட்டால் ஆனவை. சாலைக்காக வெட்டிய சரிவொன்றில் சிதைவின் படிகள் கண்ணுக்குத் தெரியும். நடுவில் உருண்டையான கெட்டிப் பாறை, அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் உரியும் அடுக்குகள், வெளியே செம்மண். உரியும் அடுக்கில் ஃபெல்ஸ்பார் படிகத்தின் வடிவம் அப்படியே இருக்கும். விரலால் நசுக்கினால் வெள்ளை மாவாக உதிரும். குவார்ட்ஸ் மணிகள் மட்டும் நறநறவென்று மிஞ்சும்.

இதைச் செய்வது கார்பானிக் அமிலம். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்ணிடைக் காற்றில் கரியமில வாயு வளிமண்டலத்தில் உள்ளதைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை உயர்கிறது. அது கரைந்த மழைநீர் ஃபெல்ஸ்பாரைத் தாக்கும்போது சோடியம், கால்சியம், பொட்டாசியம், சிலிக்காவின் ஒரு பகுதி ஆகியவை கரைந்து ஓடையில் கலக்கின்றன. அலுமினியம் மிஞ்சிய சிலிக்காவோடு கயோலினைட் களிமண்ணாகத் தங்குகிறது. கனிமங்கள் அழியும் வரிசையை 1938-இல் நிலவியலாளர் கோல்டிச் வகுத்துக் காட்டினார்: கிரானைட்டில் பிளேஜியோகிளேசும் பயோடைட்டும் முந்தும், பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் பிந்தும், குவார்ட்ஸ் நிலைத்து நிற்கும்.

விளைவு கடுமையானது. ஸ்மெக்டைட் களிமண் ஒரு கிலோவுக்குச் சுமார் 100 சென்டிமோல் நேர் அயனிகளைப் பிடித்துவைக்கும். கயோலினைட்டுக்கு அந்த ஆற்றல் 3 முதல் 15 வரைதான். மலேசியாவின் கிரானைட் நிலங்களில் பரவலாகக் காணப்படும் ரெங்காம் வகை மண்ணின் பி.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கிறது. பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டைக் கட்டிப்போடுகின்றன.

பாறைக்குள் பொட்டாசியம் இருக்கிறதே, அது சிதையச் சிதைய மண்ணுக்கு வந்து சேராதா என்று கேட்கலாம். சேரும், ஆனால் ஆழத்தில். தீபகற்ப மலேசியாவில் கிரானைட் மீதான சிதைவடுக்கு சில இடங்களில் 30 மீட்டரையும் தாண்டுகிறது. வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. புதிய பாறையை எட்டக்கூடிய செங்குத்துச் சரிவுகள் இதற்கு விலக்கு. அங்கே அரிப்பு பழைய மண்ணை அகற்றிக்கொண்டே இருப்பதால் சிதையாத கனிமங்கள் மேலே வருகின்றன. ஆகவே ஒரே மலையில், ஒரே மழையில், சரிவின் சாய்வுக்கும் மண்ணின் வயதுக்கும் ஏற்ப வேதியியல் மாறுகிறது.

பாறை வகைக்கும் பங்குண்டு. குவாந்தானின் பசால்ட் மண்ணில் குவார்ட்ஸ் அநேகமாக இல்லை. இரும்பு மிகுந்து, களித்தன்மை கூடி, பாஸ்பேட்டை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. எனினும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இழந்த வறுமை இரண்டுக்கும் பொது.

அமிலம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே காரணம் என்றும் கொள்ளக்கூடாது. தீபகற்பத்தின் மேற்குக் கரைச் சமவெளியில் சில இடங்களில், வடிகால் வெட்டிக் காற்றுப்பட்ட கடல் வண்டலின் பைரைட் கந்தக அமிலமாகிறது. மலையிலோ அமிலத்தன்மை கால்சியம், மக்னீசியம் போன்ற காரங்களின் இழப்பிலிருந்து வருகிறது. பி.எச். எண் ஒன்றாக இருந்தாலும் சிகிச்சை வேறு.

பாலிக் பூலாவின் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு இதிலிருந்து தெளிவான வழி கிடைக்கிறது. சரிவை மொட்டையடித்தால் சருகுச் சுழற்சி அறுந்து, எஞ்சிய சத்தும் ஓடைக்குப் போகும். எனவே மூடுபயிர் நிலைத்திருக்க வேண்டும். சத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைந்த மண்ணில் ஒரே தவணையில் கொட்டும் உரம் அடுத்த பெருமழையோடு கழுவப்படும். சிறுசிறு தவணைகளே பயன் தரும். கிரானைட் இழந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் திருப்பித் தரும். ஆனால் அதன் அளவை பி.எச். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மண்ணில் பரிமாறத்தக்க அலுமினியத்தை அளந்து முடிவு செய்ய வேண்டும்.